வெள்ளிக்கிழமை ஐசிங்

முட்டை! புளி கரைத்துக்கொண்டிருந்த கை சட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது, முட்டை அல்லவா போட்டிருக்கிறது, அதிலும் கொஞ்சநஞ்சமா, வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரித்து, கை கடுக்கக் கடுக்க அடித்து, நுரை எழும்பி நின்ற பிறகு சீனி மாவைச் சேர்த்து... ஐயோ சிவனே, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடிய எழும்பி முழுகினாள், அடுப்படியைக் கழுவினாள், மீன் பட்ட சட்டிகளையெல்லாம் பின்வாசலுக்கு நாடு கடத்தினாள், வெள்ளிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் சட்டியைத் தேடி எடுத்துக் கத்தரிக்காய் வைத்தாள், கிழமைக்கு ஒரு குறையும் வைக்காத கமலாம்பிகைக்கு அலமாரித் தட்டில் பூவும் இலையுமாகக் காய்ந்துகொண்டிருக்கும் பிஸ்கட்டுகள் மட்டும் எப்படி நினைவில்லாமல் போயின? போகாமல் என்ன செய்யும், ஐசிங் போட்டது நேற்று, வியாழக்கிழமை முட்டை உடைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சீனியோடு சேர்ந்து காய்ந்து வெள்ளைவெளேரென்று ஆனபிறகு அதைப் பார்த்தால் முட்டை என்று யாருக்குத் தோன்றும், இட்ட கோழிக்கே தோன்றாது. அது ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் இந்த ஜோகூர். சிரம்பானில் பிறந்து வளர்ந்தவளுக்கு லீவு நாள் என்றால் ஞாயிறு, ஞாயிறு என்றால் ஆட்டிறைச்சியும் விருந்தாளியும். கலியாணம் முடித்து இந்தச் சிகாமட்டுக்கு வந்து பார்த்தால் கவர்மெண்டு கந்தோர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு, கும்பிடுகிற நாளும் விருந்தாளி வருகிற நாளும் ஒன்று. 'லீவு நாளில் வருகிறேன்' என்று மச்சாள் ஆள் மூலம் சொல்லியனுப்பியபோது, இவளுடைய மனசு தன் பாட்டுக்கு அந்த லீவுக்கு ஞாயிறு என்று பேர் போட்டுக்கொண்டு முட்டைக் கூடையைத் தேடிப் போய்விட்டது.

வருகிறவள் வேறு யாராவது என்றால் சிரித்துச் சமாளிக்கலாம், வருகிறவள் செல்லப்பாக்கியம், இவளுடைய புருஷன் சரவணமுத்துவின் அக்காள், குளுவாங்கில் ரயில்வேக்காரரின் பெண்சாதி, வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாடு, முட்டை கிடந்த கூடையைக்கூட அன்றைக்குத் தொடமாட்டாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும்... ஒரே ஒரு வார்த்தை, 'நல்லாயிருக்கு' என்று அந்த வாயாலேயே வரவேண்டும், வந்தால் போதும், போன வருஷத்துக் கணக்கு தீர்ந்தது. போன வருஷம் மச்சாளின் கடைசி மகனுக்குப் பிறந்தநாள் என்று குளுவாங்குக்குப் போய், நான் செய்கிறேன் நான் செய்கிறேன் என்று தானாகவே முந்திக்கொண்டு, டின் பட்டரைச் சீனியோடு குழைத்துக் கேக்கின் தலையில் ரோசாப்பூ ரோசாப்பூவாகப் பிழிந்து வைத்தாள், சும்மா சொல்லக்கூடாது, வைத்த நேரத்தில் அசல் ரோசாதான். மத்தியான வெயில், தகரக் கூரை, கூடம் நிறையச் சனம், எல்லோரும் கையைத் தட்டலாமென்று வந்து நின்றபோது ஒரு பூ மெல்ல நகர்ந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு எல்லாமாகக் கேக்கின் கன்னத்தில் வழிந்து மேசைவிரிப்பில் இறங்கின. "இஞ்ச பாருங்கோ, கமலத்தின்ரை பூவெல்லாம் கீழை இறங்கி விழுந்து கும்பிடுது!" என்று மச்சாள் சொல்லிச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர... கூடமே சிரித்தது, கட்டின புருஷனும் சிரித்தார். அவருக்குக் கிழமைக் கணக்கில் வெறும் ரசம் ஊற்றித் தண்டனையை முடித்துக்கொண்டாள், மச்சாளை என்ன செய்ய முடியும், இனி அந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னாள், மிதிக்கவும் இல்லை. சரவணமுத்து மட்டும் தனியாகப் போய்த் தனியாக வருவார், வந்து ஒன்றும் சொல்லமாட்டார், இவளும் கேட்கமாட்டாள், கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அந்த ரோஷத்தில்தான் ரெஸ்ட் ஹவுஸ் சமையற்காரன் ஆ ஹோங்கிடம் போய் நின்றது. துரைமார் வந்து தங்குகிற இடம், கேக்கும் பிஸ்கட்டும் அவன் கையில் விளையாடும், ஹைலாம் சீனன், பேசுவது கடைத்தெருப் பாசார் மலாய், கேட்பது இவளுடைய அரைகுறை மலாய், ஆனாலும் விஷயம் பிசகாமல் வந்து சேர்ந்தது. "மெந்தேகா லாரி, மிஸ்ஸி. தெலோர் தா லாரி!" என்று கையால் ஓடிக் காட்டினான். வெண்ணெய் ஓடிவிடும், முட்டை ஓடாது, இதைவிடச் சுருக்கமாக யார் சொல்வார்கள்? அவன் சொன்னபடியே சீனியை இடித்து மல்லுத் துணியில் சலித்து, வெள்ளைக்கருவில் தேசிக்காயைப் பிழிந்து ஒரு சொட்டுப் புளி விட்டு அடித்து, கரண்டியைத் தூக்கினால் முனை குத்தி நிற்கவேண்டும், வளைந்தால் இன்னும் சீனி. அந்தக் கெட்டிப் பதத்தைக் கடதாசிக் கூம்பில் அடைத்து முதலில் பிஸ்கட்டைச் சுற்றி வரம்பு கட்ட வேண்டும், பிறகு அதே ஐசிங்கில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இளக்கி வரம்புக்குள் ஊற்ற வேண்டும், அது வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி தானே பரவி மட்டமாக நிற்கும், ஈரத் துணி போட்டுக் கிண்ணத்தை மூடாவிட்டால் மேலே ஆடை கட்டும்... ஐசிங் இலைகளுக்குப் பண்டான் இலைச் சாறு, என்ன பச்சை, என்ன மணம்! நேற்று முழுக்க முதுகு வளையப் போட்டு, தணலுக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டு, ராத்திரி படுக்கப்போகுமுன் நகத்தால் சுண்டிப் பார்த்தாள், டிக் என்றது. அந்த டிக்கைக் கேட்ட சந்தோஷத்தில்தான் நன்றாகத் தூங்கினாள்.

இப்போது என்ன செய்வது? சொல்லாமல் இருந்துவிட்டால்... ஆமாம், சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பிஸ்கட்டில் முட்டை இல்லை, மாவும் வெண்ணெயும் சீனியும்தான், மேலே இருப்பதைச் சீனி என்றால் சீனிதான், பொய்யும் இல்லை. மச்சாள் ஒன்றை எடுப்பாள், கடிப்பாள், வாய்க்குள் அது நொறுங்குகிற சத்தம் கேட்கும், 'நல்லாயிருக்கு பிள்ளை' என்பாள்... கமலாம்பிகை கண்ணை மூடி அந்த வார்த்தையைக் காதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், இனித்தது, ஆனால் இனித்த கையோடு உறுத்தவும் செய்தது. பாவம் யாருக்கு வரும், அடித்த கைக்கா, தின்ற வாய்க்கா, இட்ட கோழிக்கா? ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றும்போது இது வந்து முன்னால் நிற்குமே, ஏமாற்றி வாங்கின பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரிடம் பெருமை பேசுவது? சீ, வேண்டாம். அந்த நேரம் பார்த்துச் சாரத்தைக் கட்டிக்கொண்டே அடுப்படிக்குள் தலையை நீட்டினார் சரவணமுத்து, பேப்பர் வாசித்து முடிந்துவிட்டது போலிருக்கிறது. "என்னப்பா, ரசம் கொதிக்கேல்லையோ? முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்றார். சொல்லலாமா? சொன்னால் அக்காள் வண்டியை விட்டு இறங்குமுன்பே ஸ்டேஷனில் வைத்து, 'அக்கா, ஒரு பகிடி கேட்டியளோ' என்று தொடங்கிவிடுவார், அந்த வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. "ஒண்டுமில்லை, புகை," என்றாள். நல்ல மனுஷன், நம்பிக்கொண்டு போனார்.

தகர டப்பாவுக்குள் ஐசிங் போடாத பிஸ்கட் மிச்சம் இருந்தது, அதுதான் தெய்வாதீனம். முட்டையில்லாத ஐசிங் ஒன்று, மச்சாள் வருவதற்குள்... ரசத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேலையை இடுப்பில் செருகினாள். முதலில் தண்ணீர் ஐசிங், சீனி மாவில் தேசிக்காய்ப் புளியும் வெந்நீரும், அவ்வளவுதான், பிள்ளை விளையாட்டு, ஊற்றினால் கண்ணாடி மாதிரி என்ன மினுக்கம்! வெயில் அடித்தால் காய்ந்து மெல்லிய தோல் கட்டும், ஆனால் வானம் காலையிலிருந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறதே, இந்தத் தூற்றலில் எது காயும், கொடியில் போட்ட துணியே காயவில்லை... சாப்பாடு போட்டு, அவரைச் சாப்பிடவைத்து, வந்து தொட்டுப் பார்த்தால் விரலோடு ஒட்டியது, பிஸ்கட்டும் கீழே ஊறி நமுத்துப் போயிருந்தது, எறும்புகளுக்கு மட்டும் யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். சரி, பாகு ஐசிங். இது ஆ ஹோங் காட்டாதது, வாயால் சொன்னதோடு சரி, ஆனால் பாகு காய்ச்சுவதற்கு அவன் எதற்கு, அம்மா வயிற்றிலிருந்தே தெரியும், தண்ணீரில் விட்டால் விரலுக்குள் உருளவேண்டும், உருண்டது, பேஷ், இறக்கி ஆறவிட்டு, வெள்ளையாகும்வரை கிண்டவேண்டும்... ஆறவிட வேண்டும். அதற்குப் பொறுமை எங்கே இருக்கிறது, வண்டி வந்துவிடுமே என்கிற பதைப்பில் சூட்டோடு சூடாக அடித்தாள், வெள்ளையாகத்தான் ஆயிற்று, ஒரு விநாடி பூரித்துப்போனாள், அடுத்த விநாடி கரகரவென்று மணல் கட்டி, கரண்டி நடுவில் கொடிக்கம்பமாக நின்றுவிட்டது. பிடித்து இழுத்தாள், சட்டியும் கூடவே வந்தது. கரண்டியில் தொங்கும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்து தொலைத்தது, யாரும் இல்லாத அடுப்படியில் தனியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு...

ஆக மிஞ்சியது எது? தெரிந்ததுதான், வெட்கம் கெட்ட அந்தப் பட்டர் ஐசிங்தான். காயவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம், குழைத்தால் போதும், ருசியில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், நிற்கத்தான் தெரியாது. எதற்காகச் சிரிப்பு வாங்கினாளோ அதையே தட்டில் வைத்து, இந்தாருங்கோ மச்சாள், இன்னொருதரம் சிரியுங்கோ என்று நீட்டுவதா? இதற்கா ஒரு வருஷம் வைராக்கியம் காத்தது, இதற்கா ஆ ஹோங்கின் கரி பிடித்த குசினியில் போய் நின்றது... ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதியது. அவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லாதது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, டின் பட்டரை எடுத்தாள், சீனி மாவைக் கொட்டினாள், கை தானாகக் குழைத்தது, பிழிகிற கூம்பை எடுக்கவில்லை, பூ ஒன்றும் வேண்டாம், பூ இருந்தால்தானே விழுந்து கும்பிடும், கத்தியால் மேலே தடவி, இரண்டிரண்டாக ஒட்டித் தட்டில் அடுக்கி, மழைக் குளிருக்கு இது கொஞ்ச நேரமாவது மானத்தைக் காக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகத்தைக் கழுவப் போனாள்.

மச்சாள் கொஞ்சம் பருத்திருந்தாள், நனைந்த குடையை மடக்கிக்கொண்டே, "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனீர்?" என்றாள், போன வருஷம் என்று ஒன்று நடக்காதது போல. "வாங்கோ மச்சாள், இருங்கோ," என்று கமலாம்பிகையும் சொன்னாள், தேத்தண்ணி எடுத்து வருகிறேன் என்று உள்ளே தப்பி, தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் கூடத்தில் அவருடைய குரல், "அக்கா, இதைப் பாருங்கோ! கமலம் செய்தது, நேத்து முழுக்க என்னை இந்தப் பக்கமே விடேல்லை!" எதை? எதைக் காட்டுகிறார்? அலமாரி திறந்த கிறீச் சத்தம் இப்போதுதான் மூளைக்கு எட்டியது. ஓடிவந்து பார்த்தால் அந்தத் தட்டு, பூவும் பச்சை இலையுமாக, மச்சாளின் மடிக்கு நேரே. "இது கையாலை செய்ததோ? மெய்யாவோ? தின்ன மனம் வராது போலை கிடக்கு, அவ்வளவு வடிவு," என்று மச்சாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் சுண்டினாள், டிக். அந்த வார்த்தை வந்துகொண்டிருக்கிறது, கமலாம்பிகைக்குத் தெரிகிறது, ஒரு கடி, ஒரே ஒரு கடி, கை வாய்க்குப் போகிறது, இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எடுத்து நீட்டியது இவள் இல்லை, கொண்டுவந்து வைத்தது அவர்...

"மச்சாள், வையுங்கோ! அதிலை முட்டை!"

கத்தியது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மச்சாள் வாய் திறந்தபடி இருந்தாள். "முட்டையோ?" "ஓம் மச்சாள், வெள்ளைக்கரு. நேத்துப் போட்டனான்... நீங்கள் வாறது லீவு நாள் எண்டுதான் நினைச்சனான், அது வெள்ளிக்கிழமை எண்டது நினைவிலை வரேல்லை." சரவணமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. மச்சாள் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தாள், விரலைச் சேலையில் துடைத்தாள், இவளை ஏற இறங்கப் பார்த்தாள், போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று கமலாம்பிகை நினைக்கையில், "அப்ப எனக்குத் தேத்தண்ணியோடை ஒண்டும் இல்லையோ?" என்றாள். இருக்கிறது, பட்டர் ஐசிங் என்று சொல்லிப் போய் எடுத்து வந்து வைத்தாள், வைக்கும்போதே மேல் பிஸ்கட் ஒரு பக்கம் சறுக்கியது, பார்க்கவே பிடிக்கவில்லை. மச்சாள் எடுத்துக் கடித்தாள், ஐசிங் பிதுங்கி மூக்கு நுனியில் ஒட்டியது, புறங்கையால் துடைத்தாள், அது கன்னத்துக்குப் போயிற்று, அவ்வளவுதான், தொடங்கிவிட்டாள், அதே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள், தன் மூக்கைப் பார்த்தா, பிஸ்கட்டைப் பார்த்தா? சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள், பிறகு இன்னொன்று. நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்லவே இல்லை, தட்டு காலியானபிறகும் சொல்லவில்லை. இந்தச் சிரிப்புக்கு என்னதான் அர்த்தம், கேட்கலாமா, கேட்டால் அவளுக்கே தெரியுமா... அவளைப் பார்த்துச் சரவணமுத்து சிரித்தார், அவரைப் பார்த்து இவளுக்கும் வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பின்னேர வண்டிக்குப் புறப்படும்போது மச்சாள் அலமாரியைக் கண்ணால் காட்டினாள். "அந்த முட்டைக்காரரை ஒரு டின்னிலை போட்டுத் தாரும் பிள்ளை. நாளைக்குச் சனிக்கிழமை, விடிஞ்சவுடனை முதல் வேலை அதுதான்." இவள் ஒவ்வொன்றுக்கும் இடையில் கடதாசி வைத்து, பூ உடையாமல், இலை உரசாமல் அடுக்கினாள். தூற்றல் நின்றிருந்தது, பிளாட்பாரத்தில் மழைத் தண்ணீர் மினுங்கியது, வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த மச்சாள் டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பிடி இருந்தது எண்டு சொல்லியனுப்புங்கோ அக்கா," என்றார் சரவணமுத்து. "ஏன் சொல்லியனுப்ப? நேரிலை வந்து கேக்கட்டும்," என்றாள் மச்சாள், இவளைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, வண்டி நகர்ந்துவிட்டது. நேரிலையா, அதெப்படி... குளுவாங்குக்குப் போவதென்றால் இவருக்கு லீவு வெள்ளிக்கிழமைதான், வெள்ளி என்றால் முட்டை ஆகாது, பட்டர் என்றால் ரயில் ஜன்னல் வெயிலில் லாபிஸ் ஸ்டேஷன் தாண்டுமுன்னே ஓடிவிடும், தண்ணீர் ஐசிங் டின்னுக்குள் கசியும், ஆக, பாகுதான், பாகைப் பதறாமல் ஆறவிட்டு அடித்தால் வெண்ணெய் மாதிரி வருமாமே, முதல்நாளே காய்ச்சி வைத்துவிட்டால் என்ன, பண்டான் சாற்றை எப்போது சேர்ப்பது, நாளைக்கு ஆ ஹோங்கைக் கேட்க வேண்டும். "என்னப்பா, அப்பிடி என்ன யோசினை?" என்றார் அவர். கமலாம்பிகைக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த ஐசிங் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள், எந்தக் கிழமை என்றும் பார்த்தாயிற்று, போவதா வேண்டாமா என்பதை அல்லவா முதலில் யோசித்திருக்க வேண்டும், அதை எப்போது, யார் முடிவு செய்தார்கள்?